மூன்றாவது பொட்டலம்

இங்கே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கையில் இருக்கிற போனை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இலுப்பூர் கடைவீதியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிற ஒரு மனுசருக்கு எந்த மருந்து கொடுப்பது என்று அவர் வீடே கூடி யோசித்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்டு முடிக்கும்போது உங்கள் வயிறு குளிர்ந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

அவர் பெயர் குழந்தைசாமி. அறுபதைத் தாண்டியவர், ஆனால் மூட்டையை இன்னும் தானே தூக்கி வைப்பார். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். ஆனால் லேசில் கிடைக்காது. யாராவது போய், "அண்ணே, மருந்து குடுங்க" என்றால், "எலையைக் கொண்டாந்தியா?" என்பார். இலையை வாங்கி வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பிறகு பாதிப் பேரை, "மருந்தெல்லாம் வேணாம் போ. ஒரு மழை பேஞ்சா தானா சரியாப் போயிரும்" என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்.

"விக்கத் தெரியாத யாவாரி" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவருக்கும் அது தெரியும். சிரித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர்தான், நெடுநாளாக அவரிடமே மருந்து வாங்குகிற ராமுவின் கடலைக் காட்டைக் கருக்கினார்.

மானாவாரிக் கடலை பூப்பிடிக்கிற சமயம். ராமு வந்து சுருள்பூச்சிக்கு மருந்து கேட்டான். குழந்தைசாமி இலையைக்கூடக் கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ராமு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அண்ணன் கை கொடுத்தது, அவ்வளவுதான் அவனுக்கு. தெளித்த சில நாளில் இலையெல்லாம் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டது. அது நெல் வயலில் களை சாக அடிக்கிற மருந்து.

ராமு கடைக்குப் போகவில்லை. குழந்தைசாமி கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பட்டப்பகலில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். குழந்தைசாமியின் மனைவி செல்வராணி வெளியே வந்தாள்.

"மதினி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "கடலை போச்சு மதினி. ஒரு பக்கம் பூராவும் முறுக்கிக்கிட்டு நிக்கிது. அண்ணே மருந்தை மாத்திக் குடுத்துட்டாரு."

செல்வராணி சொம்பைக் கீழே வைத்தாள். "ராமு, அவரு வேணுமின்னே..."

"அட, நீங்க ஒண்ணு. சண்டைக்குன்னா கடைக்கில்ல போயிருப்பேன், இங்கிட்டு எதுக்கு வாரேன். கடலைய அடுத்த வெள்ளாமையில பாத்துக்கிறலாம். அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னமோ பண்ணுது மதினி. முந்தாநாளு எங்கிட்ட, 'ஒங்கப்பா நல்லாருக்காரா'ன்னு கேக்குறாரு. எங்கப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறப்ப முன்னால நின்னு எல்லாத்தையும் பாத்ததே அவருதான்."

செல்வராணி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பாவம். வீட்டுக்கு வரும் வழியில் அவர் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, "சோறு போடலயா?" என்று கேட்டதைப் பார்த்தாள். வயசாகிறது, கடை அலைச்சல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நம் வீடுகளில் மறதிக்கு வைத்தியம் உண்டு என்று யாருக்குத் தோன்றுகிறது? அதுவும் நரையோடு சேர்ந்து வருவதுதானே என்று விட்டுவிடுகிறோம். கருகிய காட்டை விட்டுவிட்டு இவர் உடம்பைப் பற்றிப் பேச ஒருவன் வந்தானே, அவன் நன்றாக இருக்கட்டும். அவன் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மகள் வனிதா திருச்சியில் பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் விசாரித்து, பிரகதீஸ்வரி என்ற மூளை நரம்பு டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கேள்வி கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள். குழந்தைசாமியை ரத்தம் எடுக்க அழைத்துப் போயிருந்த நேரத்தில் டாக்டர் அம்மாவையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அல்சைமர்தாம்மா. ஆனா நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்திருக்கீங்க. ஆரம்பக் கட்டம்."

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் கண்ணுகளா. நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற குழாயில் உப்புப் படிகிறதில்லையா, அதுபோல மூளையில் ஒரு விதப் புரதம் வருசக் கணக்கில் படிந்துகொண்டே வருமாம். இத்தனை நாளும் இருந்த மாத்திரைகள், இருக்கிற ஞாபகத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்குமே தவிர அந்தப் படிவைத் தொடாது. இப்போது புதிதாக இரண்டு மருந்து வந்திருக்கிறது. இரண்டுமே நரம்பு வழியாக டிரிப் ஏற்றுவது. இரண்டுமே அந்தப் படிவைக் கரைப்பது. ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டும், மற்றதை மாதத்துக்கு ஒரு தடவை.

"ஏத்துனா பழையபடி ஆயிருவாரா டாக்டர்?" செல்வராணி கேட்டாள்.

"இல்லம்மா. அப்படிச் சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். போனது திரும்ப வராது. இனிமே போறது கொஞ்சம் மெதுவாப் போகும். அதுக்கும் ஒரு விலை இருக்கு. சில பேருக்கு மூளையில வீக்கமோ சின்னச் சின்ன ரத்தக் கசிவோ வருது. நெறையப் பேருக்கு அது தெரியாமலே சரியாயிடுது. கொஞ்சப் பேருக்கு ஆபத்தாவும் போயிருக்கு. அதனால ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"ரெண்டுல எது நல்லது?" இது வனிதா.

"ரெண்டையும் ஒண்ணா நிறுத்திப் பாத்த ஆராய்ச்சி இன்னும் வரலம்மா. தனித்தனியா நடந்ததை வச்சுத்தான் பேசுறோம். மாசத்துக்கு ஒண்ணு ஏத்துறதுல, படிவு கரைஞ்சிடுச்சுன்னா நிறுத்திடலாம். ஆனா அந்த வீக்கம், கசிவு அதுல கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுல அது கொஞ்சம் கம்மி, ஆனா நடை அதிகம், ரொம்ப நாளைக்கு வரணும். எதுவா இருந்தாலும் இந்தக் கட்டத்துல ஆரம்பிச்சாத்தான் பிரயோசனம். முத்திப் போச்சுன்னா ரெண்டுக்குமே வேலை இல்ல." டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார். "இதெல்லாம் அவர்கிட்டப் பேசணும். அவருக்குப் புரியுற நேரம் இது. முடிவு அவரோடது."

செல்வராணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டாக்டர். மனசு விட்டுருவாரு. நாங்க சொல்லிக்கிறோம்."

சொல்லவில்லை. ரத்தத்தில் சத்து குறைவு, அதற்கு டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவைத்தார்கள். அன்பில்தான் மறைத்தார்கள். அன்பில் மறைப்பதற்கு நம் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே வாக்குவாதம். மகன் அரவிந்த்குமார் துபாயில் வேலை பார்க்கிறான். அவன் போனில் வீடியோவில் வருவான். லீவு நாளில் வருகிற வனிதா இங்கேயிருந்து பதில் கொடுப்பாள். செல்வராணி நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு கை வலிக்க நிற்பாள். அவர் கடைக்குக் கிளம்பியதும் இது தொடங்கிவிடும்.

"மாசத்துக்கு ஒண்ணுதான் சரி. கொஞ்ச நாள்ல முடிஞ்சிரும்ல" என்பான் அரவிந்த்.

"முடிஞ்சிரும், முடிஞ்சிரும். மூளையில கசிஞ்சா யாரு பாக்குறது? நீயா பிளைட் ஏறி வருவ?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அப்பாவைத் திருச்சிக்கு இழுத்தடிப்பியா? ஒன் ஸ்கூல்ல லீவு குடுப்பாங்களா?"

"குடுக்காட்டி என்ன, நா பாத்துக்கிறேன். ஒன்னைக் கேட்டனா?"

"அண்ணனுக்கு மருவாதையாப் பேசுடி."

"அண்ணன் மருவாதையா நடந்தா பேசலாம்."

இரண்டு பேருக்கும் அப்பா மேல் உயிர். அதனால்தான் அந்தச் சண்டை. செல்வராணிக்கோ ஒவ்வொரு காலையும் பயம். இன்றைக்கு ஒரு பெயர் போயிற்று, நாளைக்கு என்ன போகுமோ. இவர்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது அந்த ஆரம்பக் கட்டம் தாண்டிவிட்டால் என்ன செய்வது?

கடைசியில் அவள் சொன்னாள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. சாமிகிட்டப் பூக் கட்டிக் கேப்போம்."

பூக் கட்டிக் கேட்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதா அதா என்று முடிவுக்கு வராத விசயத்தைச் சாமியிடம் விடுவது. ஒன்றுக்கு வெள்ளைப் பூ, ஒன்றுக்குச் சிவப்புப் பூ. வாழைச் சருகில் தனித்தனியாக மடித்து, உள்ளே என்ன பூ என்று தெரியாதபடி கட்டி, சாமி காலடியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. பெண் கட்டுவது, நிலம் வாங்குவது, எல்லாம் அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் முடிவாயிற்று.

குடுமியான்மலை போகிற வழியில், கண்மாய்க் கரையில் அவர்கள் குலசாமி அய்யனார் இருக்கிறார். குழந்தைசாமியின் பங்காளி முறையில் ராக்கன் என்ற பெரியவர்தான் பூசாரி. புருசன் வழிச் சாமி அல்லவா, குடும்பத்துத் தலைவர் இல்லாமல் பூக் கேட்க முடியாது. அதனால், "வீட்டு விசயமா ஒண்ணு கேக்கணும்" என்று சொல்லி அவரையும் வனிதாவின் காரில் கூட்டிப் போனாள் செல்வராணி. மல்லிகை, மாதத்துக்கு ஒரு முறை ஏற்றுகிற மருந்துக்கு. சிவப்பு ரோசா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிற மருந்துக்கு. இரண்டையும் அவளே கட்டி, முந்தானையில் முடிந்து எடுத்துப் போனாள்.

சூடம் காட்டி முடித்த ராக்கன் கையை நீட்டினார். "பொட்டலத்தைக் குடு ஆத்தா. என்ன கேள்வின்னு சத்தமாச் சொல்லு."

"மனசுல நெனச்சுக்கிட்டேன் மாமா."

"அது ஒன் மனசுக்குத் தெரியும். சாமிக்கும் தெரியட்டும். யாருக்காக, என்ன கேக்குற, எந்தப் பூவுக்கு எதுன்னு வாயத் தொறந்து சொல்லணும். இன்னைக்கு நேத்திக்கா பூக் கேக்குற?"

அந்த வழக்கம் செல்வராணிக்குத் தெரியாததா? தெரியும். பதற்றத்தில் அது நினைப்பிலேயே இல்லை. அவள் வனிதாவைப் பார்த்தாள். வனிதா மண்குதிரையைப் பார்த்தாள். சூடம் அணைந்தது.

குழந்தைசாமிதான் பேசினார். "எனக்காகத்தான கேக்குற? சொல்லு செல்வராணி."

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லங்க. சும்மா, சத்துக் கொறைச்சலு..."

"ராமு காட்டைப் போயிப் பாத்தேன் புள்ள."

செல்வராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவன் சொல்லல. வேற ஒருத்தன் சொன்னான். போயி வரப்புல நின்னு பாத்தேன். எலையைப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, என்னத்தக் குடுத்திருக்கேன்னு. அன்னையிலருந்து நா யாருக்கும் பாட்டிலை நேரா குடுக்கிறதில்ல. 'பேரை வாசி'ம்பேன். அவன் சத்தமா வாசிச்ச பொறவுதான் கைய விடுவேன். வாசிக்கத் தெரியாதவன்னா பக்கத்துல நிக்கிறவன் வாசிக்கணும். என்னைய நானே நம்பாம எத்தன நாளாக் கடை நடத்துறேன்னு நெனக்கிற?"

வனிதா அழுதுவிட்டாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். "டீச்சரம்மா, நீ சொல்லு. பாடம் நடத்துற மாதிரிச் சொல்லு."

அவள் சொன்னாள். நோயின் பெயரிலிருந்து இரண்டு மருந்து வரைக்கும், நல்லதும் கெட்டதும், ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் இடையில் இரண்டு தடவை, "திருப்பிச் சொல்லு" என்றார். அவள் திருப்பிச் சொன்னாள். ராக்கனும் விபூதித் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

எல்லாம் கேட்டு முடித்து, மனைவி கையில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார் குழந்தைசாமி.

"ரெண்டுதான் கட்டிருக்கியா?"

"ரெண்டு மருந்துதானங்க."

"கடைக்கு வாரவன் எந்த மருந்துன்னுதான் கேப்பான். அடிக்கணுமா வேணாமாங்கிறது நா கேக்குறது. வேணாங்கிறதுக்கு ஒரு பொட்டலம் கட்டலயே?"

"மூணு பூக் கட்டுற வழக்கம் இங்க இல்ல தம்பி" என்றார் ராக்கன்.

"அப்ப இது பூவுக்குள்ள அடங்குற கேள்வி இல்லண்ணே. டாக்டரம்மாகிட்டப் போயி நானே கேட்டுக்கிறேன்."

"கட்டுன பூவ அப்படியே திருப்பிக் கொண்டு போகக் கூடாதே."

"எதுக்குக் கொண்டுபோறேன்?" குழந்தைசாமி இரண்டு பொட்டலத்தையும் அங்கேயே பிரித்தார். மல்லிகையையும் ரோசாவையும் ஒன்றாகச் சேர்த்து வாழைநாரில் முடிந்து, செல்வராணி தலையில் தன் கையால் வைத்தார். அவளுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"சாமி முன்னால வச்சு என்ன கூத்து இது" என்று ராக்கன் முணுமுணுத்தார். ஆனால் விபூதியை நிறையவே அள்ளிப் பூசிவிட்டார்.

அந்த வாரமே திருச்சிக்குப் போனார்கள். பரம்பரைக் கூறு ஒன்றைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. அந்தக் கூறு அம்மா அப்பா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருந்தால் இந்த மருந்துகளில் ஆபத்து அதிகமாம். இவருக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தது. நடுவாந்தரம்.

குழந்தைசாமி நாற்காலியை டாக்டரின் மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதுவும் ஏத்தாம விட்டா என்ன டாக்டரம்மா?"

"நல்ல கேள்வி சார்" என்று டாக்டரும் பேனாவை மூடி வைத்தார். "மாத்திரை குடுப்பேன். பிரஷர் பாத்துக்கணும், தெனம் நடக்கணும், நாலு பேரோட பேசிப் பழகிட்டு இருக்கணும். அதுவும் வைத்தியம்தான். நோய் அதோட வேகத்துல போகும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வேகம்."

"ஏத்துனா?"

"வேகம் கொறையலாம். சராசரியாப் பாத்தா சில மாசம் மிச்சம் ஆகும். உங்களுக்கு எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பக்க விளைவு வராதுன்னும் சொல்ல முடியாது."

"சில மாசம்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "கடலை போட்டு எடுக்குறதுக்குச் சில மாசந்தான் ஆவுது."

டாக்டர் சிரித்துவிட்டார். அவசரப்படுத்தவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவசரப்படுத்தவில்லை. கேட்டதையே அவர் மறுபடி கேட்டபோதும், முதல் தடவை கேட்கிற மாதிரியே பதில் சொன்னார். அந்தப் பெண்ணைப் பெற்ற வயிறு நல்ல வயிறு.

குழந்தைசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாசத்துக்கு ஒண்ணு ஏத்துங்க. அது முடியிற மருந்துன்னு சொல்றீங்க, முடிவு இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. செல்வராணியும் பஸ்ஸுலயே குடியிருக்க வேணாம். ஸ்கேன்ல ஏதும் தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திருங்க." பிறகு செல்வராணி பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. ஏத்தி ஒண்ணும் பிரயோசனமில்ல, எனக்கு இது வேதனையா மட்டுந்தான் இருக்குன்னு ஒனக்குத் தெரியுற அன்னைக்குப் போதும்னு நீ சொல்லிரணும். அப்ப எனக்குச் சொல்லத் தெரியாமப் போயிருக்கும். இப்பத் தெரியுது, இப்பவே சொல்லிட்டேன். பயலும் புள்ளையும் சண்டை போட்டா, அப்பா சொன்னாருன்னு சொல்லு. மூணாவது பொட்டலம் ஒங்கிட்ட இருக்கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை நாளாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். மறைக்கிற வேலை இனி இல்லை, தனியாக முடிவெடுக்கிற வேலையும் இல்லை.

அன்று மாலை அரவிந்த் வீடியோவில் வந்தபோது குழந்தைசாமியே போனை வாங்கினார். "ஒங்க சண்டையில நீ ஜெயிச்சுட்டடா. ஆனா நீ சொன்னதுக்காக இல்ல" என்றார். பையன் அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "எப்படியோ ஜெயிச்சேன்லப்பா" என்றான். வனிதா, "இந்த ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போகட்டும்" என்றாள்.

முதல் டிரிப் ஏற்றுகிற நாளில் ராமுவும் கூட வந்திருந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கருகாமல் தப்பின பக்கத்துக் கடலையை வேகவைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தான். குழந்தைசாமி சாய்வு நாற்காலியில் சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நர்சு மருந்துப் பையைக் கம்பியில் மாட்டப் போனாள்.

"இரு தாயி" என்றார் அவர். "பேரை வாசி."

"சார்?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசி. என் பேரையும் சேத்து."

நர்சு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். அவள் மருந்தின் பெயரை வாசித்தாள், அளவை வாசித்தாள், பிறகு, "பேஷன்ட் பேரு குழந்தைசாமி" என்று வாசித்தாள்.

"சரியா இருக்கு. மாட்டு" என்றார். கையை நீட்டிக்கொண்டே ராமுவைப் பார்த்தார். "ஒங்கிட்ட அன்னைக்கு இத வாசிக்கச் சொல்லாம விட்டுட்டேன்டா தம்பி."

"விட்டதுனாலதாண்ணே இங்கிட்டு வந்து உக்காந்திருக்கோம்" என்றான் ராமு. "கடலை ஆறுது, சாப்பிடுங்க."

அதற்கப்புறம் எடுத்த ஸ்கேன்கள் இதுவரை நல்லபடியாகவே வந்திருக்கின்றன. மருந்து கேட்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது கண்ணுகளா. சில பெயர்கள் இன்னும் நழுவத்தான் செய்கின்றன. கல்லாவில் இப்போது செல்வராணி உட்கார்ந்திருக்கிறாள், இவர் அருகில் ஸ்டூலில் இருந்துகொண்டு இலை பார்க்கிறார். எந்த இலையைக் கொடுத்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "வேணாம் போ" என்று பாதிப் பேரை அனுப்புகிறார். மீதிப் பேர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தமாகப் பெயர் வாசிக்கிறார்கள். தெருவில் போகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து மாறிப்போன மருந்து எந்தக் காட்டுக்கும் போகவில்லை. ராமுவின் காட்டில் இந்த வருசம் கடலை நன்றாக இறங்கியிருக்கிறது.

அவ்வளவுதான் என் தங்கங்களா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல் நெடுநாள் கேட்கட்டும். அவர்களுக்கு ஒன்று என்றால், சண்டைக்கு வராமல் சொம்புத் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்க உங்களுக்கும் ஒரு ராமு இருக்கட்டும். அவர்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்களுக்கென்று ஒரு நாற்காலி உங்கள் வீட்டில் எப்போதும் போட்டிருக்கட்டும். உங்கள் அடுப்பும் பிள்ளைகளும் நிறைந்து நன்றாக இருங்கள்.